‘திறம்படச் செய்தேன்’ என்றால் எத்தனை பீஸ்?

‘உற்பத்தியை மேம்படுத்தினேன். தரத்தைக் கவனித்துக்கொண்டேன். குழுவைத் திறம்பட வழிநடத்தினேன்.’

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருப்பவர் வேறு கம்பெனிக்கு மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமேயில் அநேகமாக இந்த மூன்று வரிகள் இருக்கும். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே வேலைக்கு மனுப் போட்ட மற்றவர்களும் இதே மூன்றைத்தான் எழுதியிருப்பார்கள். பேருக்கு லைனில் நின்றுவிட்டு வந்தவரும் இப்படி எழுதலாம். படுத்துக்கிடந்த லைனைத் தூக்கி நிறுத்தியவரும் இப்படி எழுதலாம். படிக்கிற ஹெச்.ஆருக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் ஆலோசனை, ‘நம்பர் போடுப்பா’ என்பது. சரியான ஆலோசனைதான், ஆனால் பாதி. எண்ணைப் போட்டதும் ரெஸ்யூமே பளிச்சென்று ஆகிவிடும், நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே அந்த எண்ணைப் பற்றி இரண்டாவது கேள்வி வரும்போதுதான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணைப் போடுவது, எதை விடுவது, போட்ட எண்ணுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு லைனின் கணக்கு

நம் சூப்பர்வைசரின் லைனில் 30 டைலர்கள். ஷிஃப்ட் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். ஓடுவது சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட். ஒரு பீஸைத் தைத்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகலாம் என்று ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்) டிபார்ட்மெண்ட் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதை எஸ்.ஏ.எம். என்பார்கள். இங்கே அது 6 நிமிடம் என்று கொள்வோம்.

ஆரம்பத்தில் இந்த லைன் நாளுக்கு 1,080 பீஸ் கொடுத்தது. பீஸுக்கு 6 நிமிடம் என்றால் 6,480 நிமிட வேலை வெளியே வந்திருக்கிறது. உள்ளே போட்டது 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 14,400. வகுத்துப் பார்த்தால் 45 சதவீதம். இதுதான் லைன் எஃபிஷியன்சி. ஆறு மாதம் கழித்து அதே 30 பேர் அதே நேரத்தில் 1,320 பீஸ் கொடுக்கிறார்கள். 7,920 நிமிட வேலை. எஃபிஷியன்சி 55 சதவீதம்.

இடையில் என்ன நடந்தது? கழுத்து ரிப் வைக்கிற இடத்தில் பண்டில் குவிந்துகொண்டே இருந்தது. அடுத்து இருந்தவர்கள் பீஸுக்காகக் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் தோள் இணைக்கிற இடத்தில் வேலை குறைவாக இருந்த ஒருவரை ரிப்புக்கு மாற்றினார். இன்னும் இரண்டு பேருக்கு ரிப் வைக்கக் கற்றுக்கொடுத்தார், ஒருவர் லீவு போட்டாலும் அந்த இடம் நிற்காமல் இருக்க. அவ்வளவுதான். இப்போது அந்த முதல் வரியைத் திருப்பி எழுதலாம்:

‘30 டைலர் கொண்ட டி-ஷர்ட் லைனில், ஓவர்டைம் இல்லாமல், 6 மாதத்தில் நாள் உற்பத்தி 1,080 பீஸிலிருந்து 1,320 பீஸாக உயர்ந்தது. கழுத்து ரிப் ஆபரேஷனில் இருந்த தேக்கத்தைக் கண்டறிந்து லைனை மறுபடி பேலன்ஸ் செய்தேன். மூவரை அந்த ஆபரேஷனுக்குத் தயார் செய்தேன்.’

2006 முதல் 2016 வரை கூகுள் நிறுவனத்தின் ஆள்வளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், ரெஸ்யூமே வரிக்கு ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறார். எதைச் சாதித்தீர்கள், அதை எந்த அளவுகோல் காட்டுகிறது, எதைச் செய்து அதை எட்டினீர்கள் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேலே உள்ள வரியில் மூன்றும் இருக்கின்றன. பெரும்பாலோர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எண் இருக்கும், எப்படி என்பது இருக்காது. ஆள் எடுக்கிறவருக்கு வேண்டியதோ அந்த ‘எப்படி’. பழைய கம்பெனியின் 1,320 பீஸ் அவருக்கு வந்து சேரப்போவதில்லை. தேக்கத்தைக் கண்டுபிடிக்கிற கண் வந்து சேரும்.

இரண்டாவது கேள்வி

எதிரே உட்கார்ந்திருப்பவர் புரொடக்‌ஷன் மேனேஜர் என்றால் சும்மா விடமாட்டார். “1,080 எந்த ஸ்டைல்ல? 1,320 எந்த ஸ்டைல்ல?” என்பார். பாக்கெட் வைத்த போலோவிலிருந்து சாதா டி-ஷர்ட்டுக்கு மாறினால் பீஸ் எண்ணிக்கை தானாகவே எகிறும். அதில் சூப்பர்வைசரின் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அடுத்து, “ஸ்டைல் ஏத்தி எத்தனாவது நாள்?” என்பார். லைனில் புது ஸ்டைல் ஏற்றினால் முதல் சில நாள் உற்பத்தி படுத்திருக்கும், கை பழகப் பழக ஏறும். முதல் நாளையும் பத்தாவது நாளையும் ஒப்பிட்டால் எந்த லைனும் பிரமாதமாகத்தான் தெரியும். அதனால் ஒப்பிடும்போது ஒரே மாதிரி ஸ்டைல், அதை ஏற்றி அதே அளவு நாள் ஆன நிலை என்று பார்த்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்திருந்தால், கேள்வி வந்ததும் உங்களுக்குத் தெம்பாக இருக்கும். எடுக்காமல் இருந்தால் அந்த இடத்திலேயே வியர்க்கும்.

மூன்றாவதாக, “ஆல்டர் எவ்வளவு?” வேகத்தைக் கூட்டித் தையலைக் கோட்டைவிட்டால் செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும், பிரித்துத் தைக்க வேண்டும் (அதுதான் ஆல்டர்), பையர் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டும். ஆகவே வேகத்தைச் சொல்கிற எண்ணோடு தரத்தைச் சொல்கிற எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்லது. ‘அதே காலத்தில் ஆல்டர் 100 பீஸுக்கு 8-லிருந்து 5-ஆகக் குறைந்தது’ என்று பக்கத்திலேயே இருந்தால் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடுகிறது. விற்பனையில் இருப்பவர் ஆர்டரோடு வசூலையும், கால் சென்டரில் இருப்பவர் அழைப்பு நேரத்தோடு வாடிக்கையாளர் திருப்தியையும் சேர்த்துச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

நான்காவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. “இது நீங்க செஞ்சதா, லைன் செஞ்சதா?” 30 பேர் தைத்த பீஸை ‘நான் உயர்த்தினேன்’ என்று எழுதுவது பலருக்கு உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானது. வழி சுலபம். பலனை லைனின் பலனாக எழுதுங்கள், செயலை உங்கள் செயலாக எழுதுங்கள். மேலே உள்ள வரியைத் திரும்பப் பாருங்கள்: உற்பத்தி ‘உயர்ந்தது’, லைனை ‘பேலன்ஸ் செய்தேன்’. ஊரார் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டதாகவும் ஆகாது, தன் பங்கை மறைத்ததாகவும் ஆகாது.

ஆக, ஒரு எண்ணுக்கு நான்கு துணை வேண்டும். முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே, எவ்வளவு காலத்தில், அதில் உங்கள் கை எது. இந்த நான்கும் இல்லாத எண் அந்தரத்தில் தொங்கும்.

சதவீதம் செய்யும் மாயம்

இங்கே ஒரு சின்னக் கணக்குப் பாடம். நம் லைனின் எஃபிஷியன்சி 45-லிருந்து 55 ஆனது. இதைப் பலர் ‘10 சதவீதம் உயர்த்தினேன்’ என்று எழுதுவார்கள். பீஸ் கணக்கில் பாருங்கள்: 1,080 மேல் 240 கூடியிருக்கிறது. அது 22 சதவீத உயர்வு. அப்படியானால் 10 எங்கிருந்து வந்தது? அது இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். சதவீதப் புள்ளி என்பார்கள். ஒரே உண்மைக்கு 10 என்றும் சொல்லலாம், 22 என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் எது எது என்று தெரிந்து சொல்ல வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் இரண்டு முனையையும் எழுதிவிடுங்கள்: ‘45-லிருந்து 55 சதவீதத்துக்கு’. கணக்கைப் படிப்பவர் போட்டுக்கொள்வார்.

இன்னொரு மாயம், அடிப்படை சின்னதாக இருக்கும்போது நடப்பது. ‘புது வாடிக்கையாளர் எண்ணிக்கையை 100 சதவீதம் உயர்த்தினேன்’ என்று ஒருவர் எழுதுகிறார். விசாரித்தால் இரண்டு பேர் நான்கு பேர் ஆகியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, ஒரு கனரக இயந்திரம் விற்கிற கம்பெனியில் இரண்டு புது வாடிக்கையாளர் என்பது பெரிய விஷயமாகவும் இருக்கலாம். அப்போது ‘2-லிருந்து 4’ என்றே எழுதலாமே. சதவீதம் எழுதிவிட்டு, கேட்டதும் இரண்டு நான்கு என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறும். அதற்குப் பிறகு உங்கள் மற்ற எண்களையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

பூஜ்ஜியத்துக்கும் மதிப்பு உண்டு

எல்லா வேலையிலும் உயர்த்துவதற்கு ஒன்று இருக்காது. சில வேலைகளில் எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதே சாதனை. ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் பி.காம். பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். ‘ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்தேன், டேலி தெரியும்’ என்று எழுதியிருக்கிறார். அந்த ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு அதற்குப் பின்னால் உள்ள ஓட்டம் தெரியும். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. நடுவே 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்துவிழும்; அதைக் கிளையண்டின் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு, எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று பார்த்து, துரத்தி, உள்ளீட்டு வரியைச் சரிசெய்ய ஆறே நாள். தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி.

அவர் இப்படி எழுதலாம்: ‘18 கிளையண்டுகளுக்கு 24 மாதம் தொடர்ந்து ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி தாக்கல்; மொத்தம் 864 ரிட்டர்ன். என் பக்கத் தாமதத்தால் கட்டணம் விழுந்தது ஒன்றுகூட இல்லை. பில்களை 5-ஆம் தேதிக்குள் வாங்கிவிடும் நினைவூட்டல் முறையை ஏற்படுத்தினேன்.’ பூஜ்ஜியம் தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. 864-க்குப் பூஜ்ஜியம் என்றதும் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது.

இங்கும் இரண்டாவது கேள்வி உண்டு. “18 பேரும் மாதத் தாக்கலா? 5 கோடிக்குள் டர்ன்ஓவர் உள்ள யாரும் காலாண்டுத் திட்டத்தில் இல்லையா?” அப்படி ஆறு பேர் இருந்தால் 864 என்பது தப்பு. பெருக்கிப் போட்ட எண்ணுக்கும் எண்ணிப் போட்ட எண்ணுக்கும் இதுதான் வித்தியாசம். எண்ணிப் போடுங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் ‘சுமார் 700’ என்று எழுதுங்கள். ‘சுமார்’ என்பது மரியாதைக் குறைவான வார்த்தை இல்லை. எப்படி அந்தச் சுமாருக்கு வந்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

‘என் வேலையில் எண்ணே இல்லை’

இப்படிச் சொல்பவர்கள் நிறைய. பள்ளி ஆசிரியர், நர்ஸ், வரவேற்பில் இருப்பவர், ஸ்டோர் கீப்பர். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பரப்பு உண்டு. எத்தனை பேர், எத்தனை தடவை, எவ்வளவு பெரியது, எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பிழை, எவ்வளவு பணம் என்று ஆறு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆறில் இரண்டுக்காவது பதில் வரும். 24 படுக்கை கொண்ட வார்டில் ஷிஃப்டுக்கு எட்டு நோயாளிகள் என் பொறுப்பு, புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குப் பழக்கிவிட்டேன் என்று ஒரு நர்ஸ் எழுதினால், எந்த நர்சிங் சூப்பரின்டெண்டெண்டுக்கும் அந்த வார்டு கண்முன் வந்துவிடும். என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் நோயாளி தவறி விழுவது, மருந்து மாறிப்போவது, ஊசி குத்திக்கொள்வது எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கைச் சேகரிக்கும் பொறுப்பில் நீங்கள் இருந்திருந்தால் அதுவே ஒரு வரி.

கல்லூரி முடித்து வருபவர்களிடம் வேறு சிக்கல். அவர்களிடம் எண் இருக்கிறது, அளவுக்கு மேல் பளபளப்பாக. இன்ஜினீயரிங் மாணவர்களின் மெஷின் லேர்னிங் புராஜெக்ட்களைப் பாருங்கள், 97, 98, 99 சதவீதத் துல்லியம். இலையில் நோய் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் புராஜெக்ட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதித்தது 1,000 படம். அதில் 950 நல்ல இலை, 50 நோய்ப்பட்டது. ‘எல்லாமே நல்ல இலை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற புரோகிராம்கூட 95 சதவீதம் வாங்கிவிடும், நோயுற்ற ஒரு இலையைக்கூடக் கண்டுபிடிக்காமல். விவரம் தெரிந்த நேர்காணலர் அதைத்தான் கேட்பார்: “நோய் இலை 50-ல எத்தனையைப் புடிச்சது?” ‘நோயுற்ற 50 இலைகளில் 41-ஐச் சரியாகக் கண்டது, தவறவிட்ட 9-இல் பெரும்பாலானவை வெளிச்சம் குறைந்த படங்கள்’ என்று எழுதிய மாணவருக்கு, 98 சதவீதம் எழுதியவரைவிட மதிப்பு அதிகம். எங்கே தோற்றது என்று தெரிந்தவருக்குத்தான் வேலை புரிந்திருக்கிறது.

எண்ணே இல்லாத இடத்தில் செய்துகாட்டுவது ஒரு வழி. லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய வேலைக் கடிதம் பிரசித்தம். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், அகழியிலிருந்து தண்ணீரை வடிப்பேன் என்று வரிசையாக எண்ணிட்டு அடுக்கியிருக்கிறார். அடுக்கி முடித்தபின், இதில் எதுவாவது நடக்காது என்று தோன்றினால் உங்கள் பூங்காவிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ சோதித்துக் காட்டத் தயார் என்கிறார். இன்றைக்கு அந்தப் பூங்காவின் இடத்தில் உங்கள் கிட்ஹப் பக்கம் இருக்கலாம், நீங்கள் டிசைன் செய்த நான்கு பக்கம் இருக்கலாம், வகுப்பெடுத்த பத்து நிமிட வீடியோ இருக்கலாம். ‘சொல்லுங்கள், செய்துகாட்டுகிறேன்’ என்பதும் சான்றுதான்.

எண்களை எங்கிருந்து எடுப்பது

ரெஸ்யூமே எழுத உட்காரும்போது எண்ணைத் தேடினால் கிடைக்காது. வேலையில் இருக்கும்போதே அது கண்முன் கிடக்கிறது. லைனில் மணிக்கொரு தடவை எழுதும் போர்டு, தினசரி வாட்ஸ்அப் குழுவில் போகும் ரிப்போர்ட், டேலி, அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர், வருட அப்ரைசல் படிவம், வாடிக்கையாளர் எழுதிய பாராட்டு மெயில். வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு நோட்டில் மூன்று வரி எழுதிவைத்தால் போதும்: என்ன நிலைமை இருந்தது, என்ன செய்தேன், என்ன ஆனது. முக்கியமானது முதல் வரி. ஒன்றை மாற்றத் தொடங்கும் நாளிலேயே ‘இப்போது எவ்வளவு’ என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘முன்பு’ என்ற எண் இல்லாததால்தான் பல நல்ல வேலைகள் சொல்லப்படாமலே போகின்றன.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. உங்கள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பெனியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எக்செல் ஷீட்டை சொந்த மெயிலுக்கு அனுப்புவது, பையரின் விலையைப் படம் எடுத்து வைப்பது எல்லாம் வம்பில் முடியும். ரெஸ்யூமேயிலும் கிளையண்டின் பெயர், அவருடைய டர்ன்ஓவர், பீஸ் விலை, நோயாளி விவரம் எதுவும் வரக்கூடாது. ‘ஜவுளித் துறைக் கிளையண்டுகள் 7’ என்றால் போதும். பணக் கணக்கை வெளியே சொல்ல முடியாத இடத்தில் சதவீதத்தைச் சொல்லலாம். பழைய இடத்தின் ரகசியத்தை நேர்காணலில் கொட்டுகிறவர் நாளை நம் ரகசியத்தையும் கொட்டுவார் என்று எதிரே இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார்.

சரிபார்க்க முடிந்தால்தான் சான்று

நகைக்கடையில் ‘நல்ல தங்கம்’ என்பது பேச்சு. 916 என்பது அளவு. பக்கத்தில் பொறித்திருக்கும் ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. குறியீட்டை பி.ஐ.எஸ். செயலியில் தட்டிப் பார்க்க முடிவது சான்று. ரெஸ்யூமேயிலும் பேச்சு, அளவு, சான்று என்று மூன்று படி உண்டு. இவ்வளவு நேரம் இரண்டாவது படியில் நின்றோம். மூன்றாவதையும் பார்த்துவிடலாம்.

சான்று என்றால் எல்லாவற்றையும் ரெஸ்யூமேயோடு இணைப்பது என்று அர்த்தம் இல்லை. கேட்டால் காட்ட முடிய வேண்டும். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். என்.பி.டி.இ.எல். போன்ற இடங்களில் தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழ் என்றால் மதிப்பெண்ணையும் எழுதுங்கள்; வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைத்த சான்றிதழ்களைக் குவித்துவைப்பதால் பிரயோஜனம் குறைவு. ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, படிவம் 16 எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமாகச் சரிபார்க்கப்படுவது தேதி. பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு 12 இலக்க யூ.ஏ.என். எண் இருக்கும். அதன் சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக நிற்கும். ‘மூன்று வருட அனுபவம்’ என்று எழுதிவிட்டு அங்கே இரண்டு வருடம் நான்கு மாதம் என்று இருந்தால், ஆஃபர் லெட்டர் வாங்கிய பிறகும் வேலை கைநழுவும். இருபது பேருக்குக் குறைவாக உள்ள சின்ன நிறுவனங்களில் பி.எஃப். கட்டாயம் இல்லை. அங்கே இருந்தவர்கள் வேலை நியமனக் கடிதத்தையும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். விலகல் தேதியைப் பழைய கம்பெனி பி.எஃப். பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தாலும் இப்போதே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பெரிய பதவிக்குப் போனால் இதையெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட் தாம்சன் 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியானார். கணக்கியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் பெற்றவர் என்று அவருடைய தன்விவரக் குறிப்பில் இருந்தது. அவர் வாங்கியது கணக்கியல் பட்டம் மட்டும். ஒரு பங்குதாரர் தோண்டி எடுத்தார். மே மாதத்தில் பதவி போனது. அந்தப் பட்டம் இல்லாமலே அந்த நாற்காலிக்கு வரும் தகுதி அவருக்கு இருந்திருக்கலாம். இல்லாத ஒரு வரி, இருந்த எல்லா வரிகளையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

எத்தனை போடலாம்

அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் கண்ணசைவை அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் எடுப்பவர் முதல் பார்வையில் ஒரு ரெஸ்யூமேயில் செலவிடுவது சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. நம் ஊரில் கூடக்குறைய இருக்கலாம், முதல் பார்வை சின்னது என்பது எல்லா ஊருக்கும் பொது. அதனால் எண்ணை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதுங்கள்; ‘ஆயிரத்து முந்நூற்று இருபது’ கண்ணில் படாது, 1,320 படும். பலனை வரியின் முன்பகுதியில் வையுங்கள். வடிவமைப்பு ஜிகினா இல்லாத சாதாரண பி.டி.எஃப் போதும், பெரிய கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது, பெட்டிக்குள் பெட்டி போட்டால் அது தடுமாறும். ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று எக்செல் திறமைக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது எண் மாதிரி இருக்கும், அளந்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

வரிக்கு வரி எண்ணை நிரப்பவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் நான்கைந்து கனமான எண் இருந்தால் தாராளம். பதினைந்து இருந்தால் எது முக்கியம் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும், உங்களுக்கும் பதினைந்துக்கும் பதில் தயாராக இருக்காது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உங்கள் ரெஸ்யூமேயை அச்செடுத்து, உங்கள் துறை தெரிந்த நண்பர் ஒருவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் சுட்டி, “எப்படிக் கணக்கிட்டே? முன்னாடி எவ்வளவு? நீ என்ன செஞ்சே?” என்று கேட்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேச முடிந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். முடியாததை, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். மிஞ்சுவது மூன்றே எண்ணாக இருந்தாலும் கவலை வேண்டாம், தைரியமாக அனுப்புங்கள்.